பழைய கணனியின் பயோஸ் அமைப்பைச் சரிசெய்தல்

கணனியின் சுவிச்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலைந்து ஆங்கில வரிகள் வந்து அப்படியே நின்றுவிட்டால், "அது செத்துப்போச்சு" என்று முடிவுகட்டி மூலையில் தூக்கிவைத்துவிடுவது எங்கள் கிராமங்களில் வழமையாகிவிட்டது. இல்லாவிட்டால் கிளிநொச்சிக்கு ஏற்றிக்கொண்டுபோய் ஏதாவதொரு கடையில் கொடுக்கிறோம். "உள்ளுக்கை இருக்கிறதெல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடவேணும்" என்று சொன்னால் நாங்களும் தலையாட்டிவிடுகிறோம். இரண்டு நாளில் கணனி திரும்பி வரும். ஆனால் உள்ளே இருந்தவை வரமாட்டா.

உள்ளே இருந்தவை எவை என்று எண்ணிப் பாருங்கள். வட்டக்கச்சி, இராமநாதபுரம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலத்துக்கான ஆதாரம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரம்தான். 1996இலும், பின்னர் 2009இன் தொடக்கத்திலும் இந்த இடங்களைவிட்டுப் போனபோது பலர் அந்தப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். பலருக்கு வழியில் தவறிப்போயிற்று. மீளக் குடியமர்ந்த பின்னர் எஞ்சிய பத்திரங்களையும், பிறப்பு, விவாகப் பதிவுகளையும் பிரதி எடுத்துச் சங்கக் கணனியில் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. கமக்கார அமைப்பின் உரப் பட்டியலும், மாதர் சங்கத்தின் கடன் கணக்கும் அதே கணனியில்தான். மடியில் கட்டிக் காப்பாற்றியதை, ஒரு சின்னப் பற்றரி தீர்ந்துபோன காரணத்துக்காக அழித்துவிடச் சம்மதிக்கலாமா? அழிக்க வேண்டிய தேவை இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் அளவுக்குச் சொல்லித் தருவதே இந்தப் பாடம்.

பயோஸ் என்பது என்ன?

கணனிக்கு மின்சாரம் கிடைத்த முதற் செக்கனில் அதற்கு எதுவும் தெரியாது. தனக்கு எவ்வளவு ஞாபகசக்தி இருக்கிறது, விசைப்பலகை செருகியிருக்கிறதா, வன்தட்டு எங்கே இருக்கிறது என்பவை ஒன்றும் தெரியாது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணி, "எல்லாம் இருக்கிறது, இனி விண்டோஸை எழுப்பு" என்று வேலையைக் கையளிக்கும் சிறிய செய்நிரல்தான் பயோஸ். அது வன்தட்டில் இல்லை. தாய்ப்பலகையில், அதாவது மதர்போட்டில், பொருத்தப்பட்ட ஒரு தனிச் சில்லில் இருக்கிறது. ஆகவே வன்தட்டைக் கழற்றினாலும் பயோஸ் வேலைசெய்யும்.

பயோஸுக்குச் சில விபரங்களை நாங்கள் சொல்லிவைக்கலாம். இன்று என்ன திகதி, எந்தத் தட்டிலிருந்து தொடங்க வேண்டும், மின்சாரம் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பவை அவை. 1981இல் வந்த ஐ.பி.எம். கணனியில் இப்படிப்பட்டவற்றைப் பலகையிலிருந்த சின்னஞ்சிறு சுவிச்சுகளை மேலும் கீழும் தள்ளித்தான் அமைத்தார்கள். 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.ரி. கணனியில்தான் மணிக்கூடும் ஞாபகமும் சேர்ந்த ஒரு சில்லும், அதற்கு உயிர் கொடுக்க ஒரு பற்றரியும் வைக்கப்பட்டன. அந்தச் சில்லில் இருந்தது வெறும் 64 பைற் இடம். அதில் 14 மணிக்கூட்டுக்கு. மிகுதி 50 அமைப்பு விபரங்களுக்கு. இந்த ஞாபகத்துக்குச் "சிமோஸ்" என்று பெயர் நிலைத்துவிட்டது. பின்னர் வந்த கணனிகளில் அதன் அளவு கூடியதே தவிர முறை மாறவில்லை.

இரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கள். பயோஸ் செய்நிரல் பற்றரி இல்லாமலும் இருக்கும். நாங்கள் சொல்லிவைத்த விபரங்கள்தான் பற்றரி தீர்ந்தால் மறந்துபோகும். வன்தட்டில் உள்ள கடிதமும் கணக்கும் படமும் இந்த இரண்டுக்கும் அப்பாற்பட்டவை. துருசுக் கதவு இறுகிப்போனால் வாய்க்காலில் தண்ணீர் வராது. அதற்காகக் குளம் வற்றிவிட்டது என்று இரணைமடுவின் வலதுகரைக் கமக்காரர் யாரும் சொல்வதில்லையே.

கணனியைப் போட்டதும் திரையின் மேல்மூலையில் பயோஸை எழுதிய நிறுவனத்தின் பெயர் தெரியும். எங்கள் கைக்கு வருகின்ற பழைய கணனிகளில் அவார்ட், பீனிக்ஸ், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் ஆகிய மூன்றில் ஒன்றாகவே அது பெரும்பாலும் இருக்கும். மூன்றாவதை 1985இல் அமெரிக்காவில் தொடங்கியவர்கள் சுப்பிரமணியன் சங்கர், பட் சர்மா என்ற இருவர். அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. இந்தப் பெயரைக் கவனிப்பது வெறும் புதினத்துக்காக அல்ல. எந்த விசையை அழுத்த வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

தொடங்குமுன் இரண்டு காரியங்கள்

முதலாவது, கணனி கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அனுப்பியதாக இருந்தால், பின்பக்கம் மின்கம்பி செருகுமிடத்துக்கு அருகில் ஒரு சிறிய சிவப்புச் சுவிச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 115 அல்லது 230 என்று எழுதியிருக்கும். அந்த நாடுகளின் மின்சாரம் 120 வோல்ற். எங்களுடையது 230. சுவிச் 115இல் நிற்க, இங்கே செருகினால் ஒரு வெடிச் சத்தத்துடன் மின்வழங்கிப் பெட்டி எரிந்துவிடும். செருகுமுன் 230க்குத் தள்ளிவிடுங்கள். சில பெட்டிகள் இரண்டையும் தாமாகவே ஏற்கும். அவற்றில் இந்தச் சுவிச் இருக்காது.

இரண்டாவது, ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயோஸ் திரையில் காண்பதை, எதையும் மாற்றுவதற்கு முன்னரே, பக்கம் பக்கமாக அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசி இருந்தால் படம் எடுத்துவிடலாம். ஆனால் தொலைபேசி தொலைந்துபோகும், உடையும். கணனி மேசை இழுப்பறையில் கிடக்கும் கொப்பி அங்கேயே கிடக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணனிக்கே இதைச் செய்துவைப்பது மிக நல்லது. பழுதான பின்னர் பழைய அமைப்பு எதுவென்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது.

உள்ளே போவது

கணனியைப் போட்ட உடனே, விண்டோஸ் படம் வருவதற்கு முன்னர், குறிப்பிட்ட விசையை மெல்ல மெல்லப் பல தடவை தட்ட வேண்டும். அவார்ட், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் ஆகியவற்றில் அது பெரும்பாலும் டிலீற் விசை. பீனிக்ஸிலும் டெல் கணனிகளிலும் எவ் 2. பழைய கொம்பாக் கணனிகளில் எவ் 10. ஐ.பி.எம். கணனிகள் பலவற்றில் எவ் 1. திரையின் அடியிலும் ஒரு வரி, எந்த விசை என்று சொல்லிவிட்டு மறையும். மறைவதற்குள் வாசிக்க முடியாவிட்டால் திரும்பவும் போட்டுப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை.

நீலத் திரை அல்லது சாம்பல் திரை ஒன்று வரும். எலிப்பொறி (மவுஸ்) இங்கே பொதுவாக வேலைசெய்யாது. அம்புக்குறி விசைகளால் மேலும் கீழும் போகலாம். என்ரர் உள்ளே கொண்டுபோகும். எஸ்கேப் வெளியே கொண்டுவரும். பெறுமதியை மாற்றப் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள். சிலவற்றில் கூட்டல், கழித்தல் அடையாள விசைகள். இவற்றைத் திரையின் ஓரத்திலேயே எழுதியிருப்பார்கள். தவறுதலாக எதையாவது மாற்றிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், சேமிக்காமல் வெளியேறும் வரியைத் தெரிந்து வெளியே வாருங்கள். அப்படி வந்தால் நீங்கள் தொட்ட ஒன்றும் பதியாது. ஆகவே உள்ளே போய்ப் பார்ப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. பிள்ளைகள் பார்த்துப் பழகலாம்.

திகதியும் நேரமும்

முதலாவது பக்கத்தில் இருப்பது இதுதான். அவார்டில் அதற்கு "ஸ்ராண்டட் சிமோஸ்" என்று பெயர், மற்றவற்றில் "மெயின்". திகதி 1980 என்றோ 2002 என்றோ நின்றால் பற்றரி போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி. திருத்தும்போது ஒரு விடயம்: பெரும்பாலான பயோஸ்களில் மாதம் முன்னால், நாள் பின்னால். 05-03 என்றிருந்தால் அது மார்ச் 5 அல்ல, மே 3.

திகதி பிழையாக இருந்தால் என்ன, கணனி ஓடுகிறதுதானே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம். மாதர் சங்கக் கடன் கணக்கில் வட்டி திகதியை வைத்துத்தான் கணிக்கப்படுகிறது. பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதத்தை எப்போது எழுதினோம் என்று பின்னர் காட்ட வேண்டிவந்தால், கோப்பின்மேல் 2002 என்று இருப்பது எங்களுக்கு உதவாது. இன்னொன்றும் இருக்கிறது. பரீட்சைப் பெறுபேறு பார்க்கவோ, விண்ணப்பம் அனுப்பவோ இணையத்தில் புகும்போது, பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் தம்முடைய சான்றிதழைக் காட்டும். அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. உங்கள் கணனி 2002இல் நின்றால், "இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை" என்று கருதிக் கதவைச் சாத்திவிடும். இணைப்புப் பழுது என்று தொலைபேசி நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். பிழை மணிக்கூட்டில் இருக்கும்.

அரைமணி நேரக் குழப்பம் ஒன்றும் வன்னிக்குப் பழக்கமானது. 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, பின்னர் அதே ஆண்டில் அரைமணி பின்னிழுத்தது. வன்னியில் பழைய நேரமே ஓடியது. "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டுத்தான் ஒரு கூட்டத்துக்கு நேரம் குறிக்க வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பியது. ஆனால் அதற்கு முன் தயாரான விண்டோஸ்களில் இலங்கைக்கு உரிய நேரவலயம் இன்னும் ஆறு மணித்தியாலம் என்றே இருக்கிறது. பயோஸில் நேரத்தைச் சரியாக வைத்தும், இணையத்தில் சேர்ந்ததும் மணிக்கூடு அரைமணி முன்னுக்குப் பாய்ந்தால் காரணம் இதுதான். விண்டோஸின் நேரவலயப் பட்டியலில் சென்னை, கொல்கத்தா என்று எழுதியிருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். அது எங்கள் நேரமேதான், ஐந்தரை மணித்தியாலம்.

தட்டுகளும் தொடங்கும் ஒழுங்கும்

அதே முதற் பக்கத்தில் வன்தட்டுகளின் வரிகள் இருக்கும். எதிரே "ஓட்டோ" என்று இருப்பதே நல்லது. அப்படி இருந்தால் பயோஸ் தானே தேடிக் கண்டுபிடிக்கும். மிகப் பழைய கணனியில் பெரிய வன்தட்டைப் பொருத்தினால் அதன் முழு அளவும் தெரியாமல் போகலாம். காலத்துக்குக் காலம் பயோஸ்களுக்கு எண்ணத்தெரிந்த எல்லைகள் இருந்தன: முதலில் 504 மெகாபைற், பின்னர் 8.4 கிகாபைற், பின்னர் 137 கிகாபைற். எல்லைக்கு மேற்பட்ட தட்டைக் கண்டால் சில கணனிகள் அசையாமல் நின்றுவிடும். அது தட்டின் பழுது அல்ல. அந்தத் தட்டைப் புதிய கணனியொன்றில் செருகினால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும்.

புளொப்பி வரியையும் பாருங்கள். அமைப்பு மறந்துபோனால் பயோஸ் "1.44 மெகாபைற் புளொப்பி இருக்கிறது" என்று தானாகவே எழுதிக்கொள்ளும். உங்கள் கணனியில் புளொப்பி செலுத்தியே இல்லாவிட்டால், அதைத் தேடிக் காணாமல் ஒவ்வொரு நாளும் "புளொப்பி டிஸ்க் பெயில்" என்று முறையிட்டு நிற்கும். அந்த வரியை "நன்" என்று மாற்றினால் முறைப்பாடு போய்விடும்.

அடுத்தது தொடங்கும் ஒழுங்கு. "பேர்ஸ்ற் பூட் டிவைஸ்" என்ற வரியோ, "பூட்" என்ற தனிப் பக்கமோ இருக்கும். கணனி விண்டோஸை முதலில் எங்கே தேட வேண்டும் என்பதை இது சொல்கிறது. அன்றாடப் பாவனைக்கு வன்தட்டு முதலாவதாக இருக்கட்டும். புளொப்பியோ பென் டிறைவோ முதலாவதாக இருந்து, யாரோ அதைச் செருகியபடியே விட்டுப்போனால், "நொன்-சிஸ்ரம் டிஸ்க்" என்று எழுதிவிட்டு நிற்கும். செருகியதைக் கழற்றி ஏதாவதொரு விசையைத் தட்டினால் போதும். இந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஏற்றுப்பட்ட கணனிகள் கொஞ்சமல்ல.

இனிச் சொல்லப்போவதை ஆறுதலாக வாசியுங்கள். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. 2005ஆம் ஆண்டை அடுத்து வந்த கணனிகள் பலவற்றில் வன்தட்டுடன் பேசும் முறை இரண்டு வகையாக இருக்கும். ஒன்று "ஐ.டி.ஈ.", மற்றது "ஏ.எச்.சி.ஐ.". "சாட்டா மோட்" அல்லது "சாட்டா கொன்பிகரேஷன்" என்ற வரியில் இதைக் காணலாம். விண்டோஸ் எக்ஸ்.பி. அநேகமாக ஐ.டி.ஈ. முறையில் பதியப்பட்டிருக்கும். பற்றரி தீர்ந்து அமைப்பு மறந்துபோனதும் பயோஸ் தன் பாட்டில் ஏ.எச்.சி.ஐ.க்கு மாறிவிடலாம். அப்போது விண்டோஸ் தொடங்குவதுபோல் வந்து, சட்டென்று நீலத் திரையில் வெள்ளை எழுத்துகளைக் காட்டி நின்றுவிடும். அல்லது திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கே போகும். பார்ப்பவருக்கு விண்டோஸ் கெட்டுப்போனதாகவே தோன்றும். உண்மையில் ஒன்றும் கெடவில்லை. அந்த ஒரு வரியை முன்பிருந்த முறைக்கு மாற்றிச் சேமித்தால் கணனி பழையபடி எழும்பும். முன்பிருந்தது எதுவென்று கொப்பியில் எழுதியிருந்தால் அரை நிமிட வேலை. எழுதியிராவிட்டால் ஒன்றை வைத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் மற்றதை வைத்துப் பாருங்கள். இரண்டில் எதை வைத்தாலும் தட்டில் உள்ளது அழியாது.

"அழிச்சுப் போடவேணும்" என்று யாராவது சொன்னால், நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி: "சாட்டா மோட்டை மாத்திப் பாத்தீங்களா?" அடுத்த கேள்வி: "தட்டைக் கழட்டி வேறொரு கணனியில போட்டு உள்ளதைப் பிரதி எடுத்திட்டீங்களா?" இரண்டுக்கும் ஓம் என்ற பதில் வராமல் கணனியை ஒப்படைக்காதீர்கள்.

மின்சாரம் போய் வந்தால்

"பவர்" என்ற பக்கத்தில், மின்சாரம் தடைப்பட்டுத் திரும்ப வந்ததும் கணனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். அவார்டில் "ஏ.சி. லொஸ்" என்றோ "பவர் பெயில்" என்றோ வரும் சொற்களைத் தேடுங்கள். "ஓவ்", "ஓன்", "முன்பிருந்த நிலை" என்ற மூன்று தெரிவுகள் உண்டு. எங்களுக்கு "ஓவ்" தான் பொருத்தம். மழைக்காலத்தில் மின்சாரம் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று தடவை போய் வருவது நாம் அறிந்ததே. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஒவ்வொரு தடவையும் கணனி தானாக எழும்பி, பாதி வழியில் மறுபடியும் விழுந்தால் வன்தட்டுக்கு அது கேடு. மின்சாரம் நிலைத்த பின்னர் நாங்களே போடுவது உத்தமம்.

"ஹோல்ற் ஓன்" என்ற வரி, எந்தப் பிழையைக் கண்டால் நிற்க வேண்டும் என்பதற்கானது. எல்லாப் பிழைக்கும் நிற்கும்படி விடுவதே நல்லது. விசைப்பலகை இல்லாமல் ஓடவேண்டிய கணனிக்கு மட்டும் அதற்கு விலக்குக் கொடுக்கலாம்.

"யூ.எஸ்.பி. கீபோட்" பற்றிய வரியில் கவனம் தேவை. வட்டமான பழைய முளை உள்ள விசைப்பலகைக்கு இது தேவைப்படாது. உங்களிடம் தட்டையான யூ.எஸ்.பி. முளை உள்ள விசைப்பலகை மட்டும் இருக்க, இந்த வரியை அணைத்துச் சேமித்துவிட்டால், அடுத்த முறை பயோஸுக்குள் போக வழியில்லாமல் போகலாம். வட்ட முளை விசைப்பலகை ஒன்றை அயலில் இரவல் வாங்கித்தான் உள்ளே போகவேண்டி வரும்.

"பி.சி. ஹெல்த்" என்ற பக்கத்தில் கணனியின் மூளைச் சில்லின் வெப்பம் தெரியும். ஒன்றும் செய்யாமல் நிற்கும்போதே 70 பாகைக்கு மேல் காட்டினால் உள்ளே விசிறியில் புழுதி அடைத்திருக்கிறது. எங்கள் வீதிகளின் புழுதிக்கு ஆறு மாதத்துக்கு ஒருக்கால் திறந்து, மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டியிருக்கும். பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் உள்ளே இருப்பது புதினமல்ல.

கடவுச்சொல் வைக்கும் வரிகளை விட்டுவிடுங்கள். சங்கத்தில் ஆட்கள் மாறுவார்கள். கடவுச்சொல் யாருடையவோ ஞாபகத்தோடு போய்விடும். மூளைச் சில்லின் வேகம், வோல்ற் பற்றிய வரிகளையும் தொடவேண்டாம். பயோஸ் செய்நிரலையே புதுப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் தேவையில்லை என்று சொல்லுங்கள். புதுப்பித்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்துக்குள் மின்சாரம் போனால் அந்தப் பலகை பிறகு எழும்பாது.

எல்லாம் முடிந்ததும் எவ் 10ஐ அழுத்துங்கள். சேமிக்கவா என்று கேட்கும். "வை" எழுத்தைத் தட்டி என்ரரை அழுத்துங்கள். இதை மறந்து சுவிச்சை நிறுத்தினால் செய்ததெல்லாம் வீண்.

பற்றரியை மாற்றுதல்

கணனியை நிறுத்திப் போடும்போது திகதி மறுபடியும் பின்னுக்குப் போயிருந்தால் பற்றரியை மாற்றியே ஆகவேண்டும். திரையில் "சிமோஸ் பற்றரி பெயில்ட்" அல்லது "சிமோஸ் செக்சம் எரர்" என்று வந்தாலும் அதுவே. கணனி மின்சாரத்தில் செருகியிருக்கும்வரை இந்தப் பற்றரி அநேகமாகச் செலவாகாது. மாதக்கணக்காகக் கழற்றிப் பூட்டிவைத்த கணனியில்தான் விரைவில் தீரும். ஊரைவிட்டு ஊர் ஏற்றி இறக்கப்பட்ட கணனிகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் எங்கள் கைக்கு வருகின்றன.

பற்றரியின் பெயர் சீ.ஆர். 2032. (சீ.ஆர். கொப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இலக்கத்திலேயே அளவு இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். வலு 3 வோல்ற். மணிக்கூடு திருத்தும் கடையிலும் வாங்கலாம். 1990களில், வன்னிக்குள் ஒரு சாதாரண பற்றரியைக்கூடக் கொண்டுவரத் தடை இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். 2002இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இன்று கடையில் தொங்கும் பற்றரிக்காகக் கணனியை மூலையில் போட்டுவைப்பது அநியாயம்.

மின்கம்பியைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள்; சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, உள்ளே கைவைக்குமுன் பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின் அதில் இறங்கிவிடும். தாய்ப்பலகையில் சதக்காசு போலப் பளபளப்பாக இருப்பதுதான் பற்றரி. எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும். ஓரத்துக் கொழுக்கியை நகத்தால் தள்ளினால் அது துள்ளி எழும்பும். வோல்ற்மீற்றர் இருந்தால் அளந்து பாருங்கள், 2.7க்குக் கீழே காட்டினால் வீசவேண்டியதுதான். புதியதை அதேமாதிரி எழுத்து மேலே வரும்படி வைத்து அழுத்துங்கள். பற்றரிக்குப் பக்கத்தில் மூன்று ஊசிகளும் அவற்றில் இரண்டை மூடியபடி ஒரு சிறிய தொப்பியும் தெரியலாம். அந்தத் தொப்பி அமைப்பை வேண்டுமென்றே மறக்கச் செய்வதற்கானது. கடவுச்சொல் தெரியாமல் பூட்டுப்பட்ட மேசைக் கணனியைத் திறக்க அது உதவும். மற்றப்படி அதை அசைக்க வேண்டாம். மடிக்கணனிகளில் இந்த வழி பலவேளைகளில் பலிக்காது.

மூடிய பின்னர் கணனியைப் போட்டுப் பயோஸுக்குள் போய், கொப்பியைப் பார்த்துத் திகதி, புளொப்பி, தொடங்கும் ஒழுங்கு, சாட்டா மோட், மின்சார வரி ஆகியவற்றைத் திரும்ப வையுங்கள். பற்றரி மாற்றிய திகதியையும் கொப்பியில் எழுதுங்கள்.

திரையில் எதுவுமே வராமல் சத்தம் மட்டும் வந்தால் அந்தச் சத்தத்தை எண்ணுங்கள். ஒரு சின்னச் சத்தம் எல்லாம் சரி என்பதற்கு. அவார்டில் ஒரு நீண்ட சத்தமும் இரண்டு சின்னச் சத்தமும் வந்தாலும், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸில் எட்டுச் சத்தம் வந்தாலும் திரைக்குப் படம் அனுப்பும் அட்டையில் கோளாறு. விடாமல் திரும்பத் திரும்ப ஒலித்தால் ஞாபக அட்டை தளர்ந்திருக்கலாம். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு அதை எடுத்து, தொடும் விளிம்பைத் துடைத்து, இறுகச் செருகிப் பாருங்கள்.

கழற்றிய பழைய பற்றரியை மேசையில் விடாதீர்கள். கணனிக்குத் தீர்ந்துபோன பற்றரியிலும் ஒரு பிள்ளையின் தொண்டையைப் பொசுக்கும் அளவு மின்சாரம் மிச்சமிருக்கும். 20 மில்லிமீற்றர் வட்டம் சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும்; இரண்டு மணித்தியாலத்துக்குள் உட்சதை வெந்துவிடும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், "வட்டப் பற்றரி விழுங்கியிருக்கு" என்று முதற் சொல்லிலேயே சொல்லுங்கள். புதிய பற்றரியின் கடதாசி உறை இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். பழையதை இரண்டு பக்கமும் ஒட்டுநாடாவால் சுற்றி, மூடியுள்ள போத்தலில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போட்டால் வெடிக்கும்.